திம்புள்ளவின் ஆய்வுகூடமும் கொழுந்துக் கூடையும்

பெருந்தோட்டத் தொழிலாளரின் நாளாந்தச் சம்பளம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் உற்பத்தித்திறன் என்ற சொல்லும் அதன் நிழல்போலக் கூடவே வருகின்றது. 2021இல் 1,000 ரூபா நிர்ணயிக்கப்பட்டபோதும், 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாவாக உயர்ந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளத்தை 1,550 ரூபாவாக்கவும், வருகைக் கொடுப்பனவாக அரசு 200 ரூபா வழங்கவும் முன்மொழியப்பட்டபோதும் நிலைமை மாறவில்லை. கூட்டிய சம்பளத்துக்கு ஈடாக ஒருவர் ஒரு நாளில் கூடுதலாக எத்தனை கிலோ கொழுந்து கொண்டுவருவார் என்பதே கம்பனிகளின் கேள்வி. வெறுங்கையால் எத்தனை கிலோ பறிக்க முடியும் என்பது தொழிற்சங்கங்களின் பதில். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே இருக்க வேண்டிய பொருள் ஒரு கருவி. அந்தக் கருவியைப் பற்றி மேசையின் எந்தப் பக்கத்திலும் போதிய அளவு பேசப்படுவதில்லை.

இத்தனைக்கும் அதைப் பற்றிப் பேசத் தகுதியான ஒரு நிறுவனம் நமது மலையகத்தின் நட்டநடுவே இருக்கின்றது. திம்புள்ள பள்ளத்தாக்கில், தலவாக்கலையை அடுத்த செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் தோற்றுவிக்கப்பட்டது. முதலில் நுவரெலியாவில் இயங்கிய அது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் செயின்ட் கூம்ஸை விலைக்கு வாங்கிக் கொண்டு இடம் மாறியது. 2025இல் அதற்கு நூறு வயது நிறைவடைந்தது. இந்த நூறாண்டில் உரம், பூச்சி, மண், புதிய தேயிலை வர்க்கங்கள் ஆகியவை பற்றி அங்கு நடந்த ஆய்வுகள் ஓரளவு பலரும் அறிந்தவை. இயந்திரங்களைப் பற்றி அங்கு நடந்த வேலை அந்த அளவுக்கு வெளியே தெரியவில்லை. நாம் இங்கு பேச எடுத்துக்கொள்வது அதைத்தான்.

ஆய்வுகூடத்துக்குச் சொந்தமாக ஒரு தோட்டமும் ஒரு தொழிற்சாலையும் இருப்பது சாதாரண வசதியன்று. கண்ணாடிக் குழாயில் சரியாக வந்த ஒன்று, ஆடி மாத மழையில் நனைந்து வந்த ஆயிரக்கணக்கான கிலோ கொழுந்தின் முன்னே தோற்றுப்போகும். அந்தத் தோல்வியை மறுநாளே கண்ணால் காணும் இடத்தில் விஞ்ஞானி இருந்தால்தான் இயந்திரம் உருப்படும். செயின்ட் கூம்ஸைத் தேர்ந்தவர்கள் இதனை அறிந்தே தேர்ந்தனர் என்று கொள்ள இடமுண்டு.

தேயிலை இயந்திரங்களின் முதல் தலைமுறை எந்த ஆய்வுகூடத்திலும் பிறந்ததன்று. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், முதலில் பங்களா விறாந்தையின் மேசைமேல் கையாலேயே கொழுந்தை உருட்டுவித்தார். 1872இல் அவருடைய தொழிற்சாலையில் உருட்டு இயந்திரம் ஒன்று வேலை செய்தது. அதே பத்தாண்டில் அசாமில் வில்லியம் ஜாக்சன் தமது ரோலரை உருவாக்கினார். கச்சாரில் தோட்டக்காரராக இருந்த சாமுவேல் டேவிட்சன் அயர்லாந்துக்குத் திரும்பி, பெல்பாஸ்ட் நகரில் 1881இல் சிரொக்கோ ஆலையைத் தொடங்கி உலர்த்திகளை வார்த்தார். கோப்பிச் செடியைப் பூஞ்சண நோய் அழித்தபின் திம்புள்ளவின் மலைகள் தேயிலைக்கு மாறியபோது, இந்த இயந்திரங்களும் கண்டியிலிருந்த வோக்கர் கம்பனியின் பட்டறையில் செய்யப்பட்டவையும் வண்டிப் பாதையிலும் புகையிரதத்திலும் ஏறி வந்து சேர்ந்தன. கொழுந்தை வெட்டி, கிழித்து, சுருட்டும் சீ.டீ.சீ. இயந்திரம் 1930களின் தொடக்கத்தில் அசாமின் அம்குரி தோட்டத்தில் மக்கேர்ச்சர் என்ற தோட்டக்காரரின் மூளையில் உதித்தது. ஆய்வுகூடத்திலிருந்தே வந்தது என்று சொல்லத்தக்க பெரிய இயந்திரம், 1950களின் பிற்பகுதியில் அசாமின் தொக்லாய் ஆய்வு நிலையத்தில் மக்டியர் உருவாக்கிய ரொட்டர்வேன். இன்று நமது தொழிற்சாலைகள் பலவற்றிலும் அது சுழல்கின்றது.

திம்புள்ளவின் ஆய்வுகூடத்துக்கு எதிரே நின்ற பிரச்சினை வேறு. அது நீர். நூறு கிலோ பச்சைக் கொழுந்தில் ஏறத்தாழ 77 கிலோ நீரே இருக்கின்றது. அந்த நூறு கிலோவிலிருந்து கிடைக்கும் தேயிலையோ 22 கிலோ அளவுதான். ஆக, தேயிலைத் தொழிற்சாலை என்பது பெரும்பாலும் நீரை வெளியேற்றும் தொழிற்சாலை. அந்த நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, உருட்டுவதற்கு முன்னர், வாட்டும்போதே போய்விட வேண்டும். வாடாத கொழுந்தை ரோலரில் இட்டால் அது சுருளாமல் நொறுங்கும், சாறு வழிந்தோடும். அளவுக்கு மிஞ்சி வாடினாலோ தேநீரில் உயிர் இராது.

ஹட்டனிலிருந்து நானுஓயாவரை புகையிரதத்தில் போகும் எவரும் வரிசை வரிசையாகச் சன்னல் வைத்த, மூன்று நான்கு மாடி உயரமான தொழிற்சாலைகளைக் காணலாம். தோட்டத்து வழக்கில் அவை ஸ்டோர்கள். அந்த மேல்மாடிகள் முழுவதும் முன்னர் வாட்டலுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. சாக்குத் துணி இழுத்துக் கட்டிய தட்டுகளில் கொழுந்தை மெல்லியதாகத் தூவிவிட்டு, காற்று தன் பாட்டில் வேலையைச் செய்யும்வரை காத்திருப்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட காலத்தில் காற்று கேட்டபடி நடந்தது. திம்புள்ளத் தேயிலை கொழும்பு ஏலத்தில் பெயர்வாங்கும் பருவமும் அதுவே. மே மாதம் தென்மேல் பருவக்காற்று இறங்கிவிட்டால் மலையே நனைந்த துணியாகிவிடும். ஈரக் காற்று ஈரக் கொழுந்திலிருந்து எதை உறிஞ்சும்? விளைச்சல் மிகுந்து வரும் மாதங்களிலேயே வாட்டலும் இழுபட்டது.

இதற்கு விடையாக வந்ததுதான் இன்று எல்லாத் தொழிற்சாலைகளிலும் காணப்படும் வாட்டல் தொட்டி. நீண்ட பெட்டி போன்ற ஒரு தொட்டி. அதன்மேல் கம்பி வலை. வலையின்மேல் கனமான படுக்கையாகக் கொழுந்து. ஒரு முனையில் பெரிய விசிறி. தேவைக்கேற்பச் சூடேற்றிய காற்றைக் கீழிருந்து மேலாகச் செலுத்தலாம். 1950களின் பிற்பகுதியிலிருந்து இந்த முறை பரவியது. எத்தனை மணி நேரம், எவ்வளவு காற்று, எந்த அளவு வெப்பம், எத்தனை தடிப்பான படுக்கை என்ற கணக்குகளை வகுத்துத் தோட்டங்களுக்குச் சொல்வது ஆராய்ச்சி நிலையத்தின் வேலையாயிற்று. கண்டுபிடிப்பு என்றால் மக்கள் மனத்தில் எழும் படம் புதிய இயந்திரம் ஒன்றுதான். இருக்கின்ற விசிறியையும் வலையையும் எப்படிச் சேர்த்தால் மழைக்காலத்திலும் ஒரே தரமான வாட்டல் கிடைக்கும் என்ற கணக்கும் கண்டுபிடிப்பே. மேல்மாடிகள் பல வெறுமையானது அந்தக் கணக்கின் விளைவு.

இரண்டாவது பிரச்சினை உலர்த்தல். உருட்டி, உடைத்து, ஒட்சியேற்றம் பெற்ற இலையைத் தேயிலைத் துறையில் 'தூள்' என்றே ஆங்கிலத்திலும் எழுதுகின்றனர். இந்தத் தூளிலுள்ள எஞ்சிய நீரை நூற்றுக்கு மூன்று அளவுக்குக் குறைக்க வேண்டும். பழைய உலர்த்தியில், துளையிட்ட தட்டுகள் சங்கிலியில் கோர்க்கப்பட்டு நகரும். தட்டு கோடியை அடைந்ததும் கவிழ்ந்து, தூள் கீழ்த்தட்டில் விழும். இருபது நிமிட அளவில் இந்தப் பயணம் முடியும். சங்கிலி தேயும், தட்டு வளையும், இடுக்கில் சிக்கிய தூள் கருகும். கருகிய சில பிடி தூள் ஒரு பெட்டித் தேயிலையின் மணத்தையே கெடுத்துவிடும்.

1970களில் செயின்ட் கூம்ஸில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது பாய்மப் படுக்கை உலர்த்தி. அதன் தத்துவம் தேயிலைக்கு உரியதன்று. 1920களில் ஜேர்மனியில் வின்க்லர் என்பவர் நிலக்கரியை வாயுவாக்கக் கையாண்டது அது. பின்னர் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் போயிற்று. துளைத் தகடு ஒன்றின் கீழிருந்து வெப்பக் காற்றை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மேலே செலுத்தினால், தகட்டின்மேல் கிடக்கும் தூள் எழும்பி, மிதந்து, கொதிக்கும் கஞ்சிபோலப் புரளத் தொடங்கும். ஒவ்வொரு துணிக்கையையும் காற்று தனித்தனியே சூழ்ந்துகொள்வதால் உலர்தல் சீராகின்றது. அறைக்குள்ளே சங்கிலியும் இல்லை, கவிழும் தட்டும் இல்லை. நீரை இழந்து இலேசான தூள் தானாகவே வாயிலை நோக்கி வழிந்து வரும்.

சொல்லும்போது எளிதாக இருக்கின்றது. சீ.டீ.சீ. தேயிலையின் துணிக்கைகள் ஏறக்குறைய ஒரே அளவானவை; அவை ஒன்றுபோல மிதக்கும். நமது நாட்டின் தேயிலையோ பெரும்பாலும் மரபுவழி உருட்டல் முறையில் ஆவது. அதில் நீண்ட சுருளும் உண்டு, பொடியும் உண்டு, ஒட்டிக்கொண்ட ஈரக் கட்டியும் உண்டு. காற்றைக் கூட்டினால் பொடி பறந்துபோகும். குறைத்தால் கட்டி அடியில் தங்கும். அசாமுக்கோ கென்யாவுக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை திம்புள்ளவுக்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. தன் தேயிலையின் துணிக்கை எந்த வேகத்தில் மிதக்கும் என்பதைத் தன் தொழிற்சாலையில் தானே அளந்து அறிய ஒரு ஆய்வுகூடம் இங்கு இருந்ததன் பயன் அது. ஆய்வுகூடங்களை வெறும் செலவினமாகப் பார்க்கும் நிதி அதிகாரிகள் இந்த வரலாற்றை ஒரு முறை படிப்பது நல்லது.

உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்து மை காய்ச்சியது நம் முன்னோரின் வழக்கம். துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. தேயிலைச் சாற்றிலும் அதே துவர்ப்பு மிகுந்திருக்கின்றது. ஈரக் கொழுந்து வெறும் இரும்பில் உரசினால் தேநீரின் நிறம் மங்கிக் கறுக்கும். அதனாலேயே ரோலர் மேசைகளில் பித்தளை பதிக்கப்பட்டது. பின்னர் துருப்பிடிக்காத உருக்கு அந்த இடத்தைப் பிடித்தது. ஒரு கோப்பைத் தேநீரின் செம்பொன் நிறத்துக்குப் பின்னால் மண்ணும் மழையும் மட்டுமல்ல, மேசைத் தகட்டின் உலோகமும் இருக்கின்றது.

இவை யாவும் ஸ்டோரின் சுவருக்குள்ளே நடந்தவை. சுவருக்கு வெளியே, மலையில், என்ன நடந்தது?

காலைப் பிரட்டு முடிந்து, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக் கூடையை முதுகில் தொங்கவிட்டு மலையேறும் பெண், ஜேம்ஸ் டெய்லரின் காலத்தில் எந்தக் கருவியோடு போனாளோ ஏறத்தாழ அதே கருவியோடு இன்றும் போகின்றாள். பல இடங்களில் கூடைக்குப் பதில் பை வந்திருக்கின்றது. செடியின் மட்டம் காட்டும் கம்பு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது. உற்பத்திச் செலவில் பாதிக்கு மேற்பட்டது கூலி, அந்தக் கூலியில் பெரும் பங்கு கொழுந்து பறிப்புக்கே செல்கின்றது என்று கணக்குக் காட்டும் ஒரு தொழில்துறை, அந்த ஒரு வேலைக்கு நூற்றைம்பது ஆண்டாகக் கருவி ஒன்றும் கொடாமல் இருந்தது எப்படி?

விடைகள் இரண்டு உண்டு. முதலாவது உண்மையான பொறியியற் சிக்கல். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று சொல்வது எளிது. செடியின் மேற்பரப்பில் பறிக்கத் தகுந்த கொழுந்தும், அடுத்த சுற்றுக்கு விடவேண்டிய இளந்தளிரும் அருகருகே நிற்கின்றன. அந்த இளந்தளிரை நமது பெண்கள் அரும்பு என்பர். திம்புள்ளவின் விஞ்ஞானிகளும் தமது ஆங்கிலக் கட்டுரைகளில் அதே தமிழ்ச் சொல்லையே எடுத்தாள்கின்றனர். வேறு சொல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை போலும். கை அரும்பை விட்டுக் கொழுந்தை எடுக்கும். கத்தி இரண்டையும் சேர்த்து வெட்டும். அரும்பை வெட்டினால் அடுத்த சுற்றின் விளைச்சல் போயிற்று; வெட்டுண்ட இலை ஸ்டோரில் தரத்தைக் கெடுக்கும். போதாததற்கு நமது மலைகள் செங்குத்தானவை. பழைய விதைத் தேயிலை ஒழுங்கற்ற வரிசையில், இடையிடையே வெற்றிடத்தோடு நிற்கின்றது. ஜப்பானில் தேயிலைச் செடி வேலிபோல ஒரே மட்டமாக, ஒரே வரிசையாக வளர்க்கப்படுகின்றது. அங்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பை பொருத்திய கத்தரி வந்துவிட்டது. 1960களில் மோட்டார் வந்தது. ககோஷிமாவின் சமநிலத்தில் இன்று ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் இயந்திரம் ஓடுகின்றது. அதை அப்படியே கிரேட் வெஸ்டர்ன் மலைச்சரிவில் கொண்டுவந்து இறக்க முடியாது.

இரண்டாவது விடை கசப்பானது. மலிவான கை இருக்கும்போது கருவிக்கு யாரும் பணம் செலவிடுவதில்லை. ஸ்டோரில் விறகும் நிலக்கரியும் பணம் கொடுத்து வாங்கவேண்டியிருந்தன. அதனால் உலர்த்தியின் திறன் அளக்கப்பட்டது. மலையில் தலைமுறை தலைமுறையாக லயத்திலிருந்து புறப்பட்டு வந்த உழைப்பு மிக மலிவாகக் கிடைத்தது. அதனால் தோள்பட்டையின் தேய்மானத்தை எவரும் அளக்கவில்லை. விஞ்ஞானிகளைக் குறைசொல்வது எமது நோக்கமன்று. பணம் கொடுப்பவர் கேட்ட கேள்விக்கே ஆய்வுகூடம் விடை தேடும். கேட்கப்படாத கேள்விக்கு விடை இராது.

கேள்வி இப்போது கேட்கப்படுகின்றது. ஆட்கள் இல்லாமற் போனதனால் கேட்கப்படுகின்றது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது அவற்றின் பெயர்ப்பட்டியலில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தனர். இன்று அதில் பாதி பேரும் இல்லை. பிள்ளைகள் கொழும்பின் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டனர். போனதைத் தவறென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பறிக்க ஆளின்றிக் கொழுந்து முற்றிப்போகும் மலைகள் உண்டு.

இதனை ஆராய்ச்சி நிலையம் முன்கூட்டியே உணர்ந்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். கைக்கத்தரிப் பறிப்பைப் பற்றிய அதன் ஆய்வுகள் பல பத்தாண்டுகளாக நடந்து வந்துள்ளன. அரும்பைக் காப்பாற்றும் வகையில் கத்தரியை மாற்றியமைப்பதே அவற்றின் மையம். வெட்டும் அலகு, செடியின்மேல் தவழும் அடித்தட்டிலிருந்து சற்று உயரத்தில் பொருத்தப்பட்டால், அந்த உயரத்துக்கு மேலே எழுந்த கொழுந்து மட்டும் வெட்டுப்படும். தாழ்வாக நிற்கும் அரும்பு தப்பும். மிகச் சிறிய மாற்றம்தான். ஆனால் கையின் தெரிவை ஓரளவேனும் உலோகத்துக்குக் கற்றுக்கொடுக்கும் மாற்றம் அது. விளைச்சல் பெருகும் மாதங்களில் கத்தரி, தரத்துக்கு விலை கிடைக்கும் வறண்ட மாதங்களில் கை என்று இரண்டையும் மாற்றி மாற்றிக் கையாள்வது செடிக்கும் ஏலத்துக்கும் நல்லது. கடல் கடந்து தமிழ்நாட்டின் ஆனைமலையிலும் நீலகிரியிலும் கத்தரிப் பறிப்பு வழக்கமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கும் பறிப்பவர்கள் நம்மவரின் உறவினரே. எனவே பழக்கம் வராது, பெண்களால் ஆகாது என்ற பேச்சுக்கு அடிப்படையில்லை.

கத்தரியைக் கொடுக்கலாமா என்பதில் எமக்கு ஐயமில்லை. அதை எந்த நிபந்தனையோடு கொடுப்பது என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

ஒரு நாட்பேருக்கு 18 கிலோ என்று பல தோட்டங்களில் கேட்கப்படுகின்றது. கத்தரியால் ஒருவர் அதைப்போல இருமடங்கு பறிக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மேலதிகக் கொழுந்து யாருடையது? கத்தரி தோட்டத்தினது, ஆகவே நாட்பேரின் அளவை 36 கிலோவாக்குவோம் என்று ஒரு நிர்வாகம் முடிவெடுத்தால், கருவியால் தொழிலாளி அடைந்த நன்மை ஒன்றுமில்லை. அதே நேரத்தில் அவள் இருமடங்கு எடையைச் சுமந்து இறங்குகின்றாள். இது வெறும் கற்பனைப் பயமன்று. 2021இல் 1,000 ரூபா வந்தபின் நாட்பேருக்கான கிலோ அளவு உயர்த்தப்படுவதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே காலத்தில் கூட்டு ஒப்பந்தமும் கைவிடப்பட்டதால், அளவைப் பேசித் தீர்க்கும் மேசையே இல்லாமற் போயிற்று. சம்பள நிர்ணய சபை ரூபாவை நிர்ணயிக்கின்றது. கிலோ பற்றிய பிணக்கு ஒவ்வொரு தோட்டத்து நிறுவைத் தராசின் முன்னும் தனித்தனியே நடக்கின்றது.

கென்யாவில் நடந்ததை இங்கு நினைவூட்டுவது தகும். அங்குள்ள பெருந்தோட்டங்களில் பறிப்பு இயந்திரங்கள் புகுந்து வேலைகள் குறைந்ததைப் பற்றி நீண்ட காலம் வழக்கும் வேலைநிறுத்தமும் நடந்தன. 2023 மே மாதம் கெரிச்சோவில் அது கலகமாக வெடித்தது, இயந்திரங்கள் தீக்கிரையாயின, உயிரிழப்பும் நேர்ந்தது. நமது நிலைமை கென்யாவினது போன்றதன்று. அங்கு வேலைக்கு ஆள் மிகுதி, இங்கு ஆள் குறைவு. அதனால் இங்கு இயந்திரம் ஒருவரின் வேலையைப் பறிக்காமலே நுழையக்கூடிய ஓர் இடைவெளி இருக்கின்றது. அந்த இடைவெளி என்றென்றைக்கும் திறந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மோட்டார் இயந்திரம் வந்த நாடுகள் பலவற்றில் அதன் கைப்பிடி ஆண்களிடம் போயிற்று. பறிப்பில் திறன் பெற்ற பெண்கள் பின்னால் சாக்கைத் தூக்கும் உதவியாளராயினர். முதுகில் எஞ்சினைச் சுமந்துகொண்டு, அதிர்வைக் கையிலும் இரைச்சலைக் காதிலும் வாங்கிக்கொண்டு சரிவில் நடப்பது எளிதன்று. அத்தகைய அதிர்வு நீண்ட காலத்தில் விரல் நரம்புகளைக் கெடுக்கும் என்பது வைத்தியர்கள் நன்கு அறிந்தது. மின்கலத்தில் இயங்கும் இலேசான கையியந்திரங்கள் இப்போது சந்தையில் உள்ளன. அவற்றின் எடை, பிடி, சமநிலை ஆகியவை ஐந்தடி உயரமில்லாத, ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்ணின் தோளில் வைத்துச் சோதிக்கப்பட்டனவா? இயந்திரத்தின் சோதனை அறிக்கையில் மணிக்கு எத்தனை கிலோ, நல்ல இலை நூற்றுக்கு எத்தனை என்ற பத்திகள் வழக்கமாக இருக்கும். பறித்தவரின் உடல் பற்றி ஒரு பத்தி சேர்க்கப்பட வேண்டும் என்று நாம் கேட்கின்றோம். உலர்த்தியில் பறக்கும் தூளின் வேகத்தை அளந்த ஆய்வுகூடத்துக்கு இது எட்டாத காரியமன்று.

இந்த விடயத்தில் கம்பனித் தோட்டங்களை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுவதும் தவறு. நாட்டின் தேயிலையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர்களின் நிலத்திலிருந்தே வருகின்றது. அவர்களில் பெரும்பாலோர் தாழ்நிலப் பகுதியினர். அரை ஏக்கர் வைத்திருப்பவர் தானே பறிக்கின்றார். தன் நேரத்தை மிச்சப்படுத்தும் கருவியைத் தானே வாங்குகின்றார். அதன் நன்மையையும் தானே அடைகின்றார். கருவியின் பயன் அதைப் பிடித்தவர் கையிலேயே சேரும்போது எதிர்ப்பு எழுவதில்லை. கம்பனித் தோட்டங்களிலும் நிலத்துண்டுகளைத் தொழிலாளர் குடும்பங்களிடம் பராமரிப்புக்குக் கொடுத்து, கொழுந்துக்குக் கிலோ விலை கொடுக்கும் முறை பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகின்றது. சில இடங்களில் நடைமுறையிலும் உள்ளது. அந்த ஒப்பந்தங்களில் கத்தரியின் விலையும் பழுதுபார்ப்பும் யார் பொறுப்பு என்பது எழுதப்படாவிட்டால், கடனும் கருவியோடு சேர்ந்தே லயத்துக்குள் நுழையும்.

ஆய்வுகூடத்தின் சொல்லைக் கேளாமல் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைய உதாரணம் நம் கண்முன்னே இருக்கின்றது. 2021இல் இரசாயன உரம் ஒரே இரவில் தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் 251 மில்லியன் கிலோ அளவுக்கு வீழ்ந்தது. 2024இலும் அது 262 மில்லியனைச் சுற்றியே நின்றது. பசித்த செடியில் கொழுந்து குறைவு. குறைந்த கொழுந்தில் நாட்பேருக்குரிய கிலோவை எட்டுவது கடினம். அந்த முடிவின் விலையை, அதை எடுத்தவர்களைக் காட்டிலும், தராசின் முன்னே அரைப்பேரோடு நின்ற பெண்களே கொடுத்தார்கள். இயந்திர விடயத்திலும் அதுபோன்ற அவசரம் வேண்டாம். கப்பலில் வந்திறங்கியதை எல்லாம் மலைக்கு ஏற்றுவதற்கு முன் செயின்ட் கூம்ஸின் சரிவில் ஒரு முழு வருடம், மழையிலும் வறட்சியிலும், ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கான பணமும் ஆட்களும் நிலையத்துக்குத் தரப்பட வேண்டும்.

சம்பள நிர்ணய சபை அடுத்த முறை கூடும்போது ரூபாவோடு கிலோவையும் பேச வேண்டும் என்பது எமது கோரிக்கை. கையால் பறிக்கும் நாளுக்கு ஓர் அளவு, கத்தரியால் பறிக்கும் நாளுக்கு வேறோர் அளவு, அந்த அளவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு விலை என்று எழுத்தில் நிர்ணயிக்க வேண்டும். எந்த மலையில், எந்த மாதத்தில், எந்த வயதுப் பெண் ஒருத்தியால் கத்தரியைக் கொண்டு தளர்ச்சியின்றி எவ்வளவு பறிக்க முடியும் என்ற அளவீட்டை தேயிலை ஆராய்ச்சி நிலையம் செய்து, சிங்களத்திலும் தமிழிலும் வெளியிட வேண்டும். தலவாக்கலையிலிருந்து சபையின் மேசைக்கு அந்த அறிக்கை வந்து சேரும்வரை, கத்தரி கொடுத்த தோட்டங்களில் நாட்பேரின் அளவு பழைய 18 கிலோவிலேயே நிற்கட்டும்.